நாசிக் போகும் அக்கா மகளுக்கு

அன்புள்ள தாயி,

உன் மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். முதலாவதில் சந்தோஷம், இரண்டாவதில் அவசரம், மூன்றாவதில் குக்கர் விசில். எனக்குப் புரிந்தது இவ்வளவு: தை மாதம் தாத்தாவின் முதல் திதி வருகிறது. ஆச்சி கோதாவரியில் ஒரு முழுக்குப் போட ஆசைப்படுகிறாள். மாட்டுங்காவிலிருந்து ஒரு டூர் பஸ் போகிறது. ராத்திரி ஏறினால் ஷீரடி, சனி சிங்கணாப்பூர், திரியம்பகம், நாசிக் நாலையும் முடித்து மறுநாள் ராத்திரி செம்பூரில் இறக்கிவிடுவார்கள். நாசிக்குக்கு முக்கால் மணி நேரம். "அதுக்குள்ள எதெல்லாம் பார்க்கணும், லிஸ்ட் போட்டு அனுப்புங்க மாமா."

லிஸ்ட் கேட்டவளுக்குக் கடிதம் வருகிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. ஆச்சிக்கு 79 வயது. முழங்கால் மடங்காது. ஷீரடிக்கும் நாசிக்குக்கும் இடையில் மட்டும் சுமார் 90 கிலோமீட்டர். அவளை ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வைத்து, விடியற்காலையில் ஒரு வரிசை, மத்தியானம் ஒரு வரிசை என்று நிற்க வைத்து, கடைசியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவரும்போது அவளுக்குத் தண்ணீரைப் பார்க்கக் கண் இருக்காது. பஸ்ஸிலேயே இருந்துவிடுகிறேன் என்பாள். நீயும் சரி என்பாய். இதை நான் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். நாலு ஊர்ப் பிரசாதமும் பையில் இருக்கும்; ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த பஸ்ஸை விடு. ஒரே ஊர், ஒரே பகல். அந்த ஊரிலும் அரை மைல் ஆற்றங்கரை. அது போதும்.

"அப்ப பஞ்சவடி எக்ஸ்பிரஸ்ல போயிடறோம்" என்று நீ சொல்லப்போவது தெரியும். பேரைப் பார்த்து ஏமாறாதே. பஞ்சவடி எக்ஸ்பிரஸ் நாசிக்காரர்களின் வண்டி. காலையில் மன்மாடிலிருந்து கிளம்பி அவர்களை மும்பைக்கு வேலைக்குக் கொண்டுவந்து விடும், சாயந்திரம் திருப்பிக் கொண்டுபோகும். நமக்கு நேர் எதிர்த்திசை. நீ பிடிக்க வேண்டியது தபோவன் எக்ஸ்பிரஸ். விடிந்தும் விடியாமலும் கிளம்பும், தாதரில் ஏறலாம். திரும்பவும் சாயந்திரம் அதே பெயரில் வண்டி உண்டு. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் கசாரா லோக்கலைப் பிடித்துக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் வெளியே நாசிக் நாசிக் என்று ஷேர் டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். உன் வயசுக்கு அது சரி. ஆச்சிக்கு ரயில்தான்.

ஜன்னல் சீட்டை ஆச்சிக்குக் கொடு. கசாராவில் வண்டி நின்றதும் பின்னால் ஒரு இடி இடிக்கும். பயப்பட வேண்டாம், பின்னாலிருந்து தள்ள எஞ்சின் மாட்டுகிறார்கள். அங்கிருந்து இகத்புரி வரை 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன்னால் இழுத்தால் மட்டும் போதாது. 1865-இல் போட்ட பாதை. தாத்தா ஒவ்வொரு தடவையும் அந்த இடியை எதிர்பார்த்து இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொள்வார்.

நாசிக் ரோடு ஸ்டேஷனில் இறங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று நினைக்காதே. ஆற்றங்கரை இன்னும் ஒன்பது பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் "பஞ்சவடி, ராம்குண்டம்" என்று சொல். அவர் வாயிலிருந்து கோதாவரி என்ற சொல் வராது. நாசிக்காரர்களுக்கு அது கங்கை. ஆற்றுக்குப் போகிறேன் என்பதற்கு "கங்கேவர்" போகிறேன் என்பார்கள். கரைக்குப் பேர் கங்கை காட். முதல் தடவை கேட்டபோது நானும் திருத்தப் பார்த்தேன். நீ திருத்தாதே. கௌதம முனிவர் மேல் பசுவைக் கொன்ற பழி விழுந்தது, அதைக் கழுவ அவர் பிரம்மகிரியில் தவமிருந்து கங்கையை இறக்கினார் என்பது அந்த ஊர்க் கதை. அந்த மலை இங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான், திரியம்பகத்தில். அங்கே கிளம்பும் தண்ணீர் சுமார் 1,465 கிலோமீட்டர் ஓடி ஆந்திராவில் வங்கக் கடலில் விழுகிறது. அரபிக் கடல் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்த ஆறு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம் பக்கத்துக் கடலைத் தேடிப் போகிறது. ஆச்சியிடம் இதைச் சொல், அவளுக்குப் பிடிக்கும்.

"கங்கைன்னா காசிக்கே போயிடலாமே" என்று உன் அம்மா ஆரம்பிப்பாள். அக்காவுக்கு என் பதில்: ஆச்சியால் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. குரு சிம்ம ராசியில் இருக்கும் காலத்தில்தான் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. நாசிக் கும்பமேளாவும் அதே சிம்ம குருவுக்குத்தான். அதனால் அங்கே அதற்குச் சிம்மஸ்தம் என்று பேர். 2015 ஆகஸ்ட், செப்டம்பரில் கோதாவரியில் சாதுக்கள் முழுகினார்கள். 2016 பிப்ரவரி 22-ஆம் தேதி கும்பகோணத்தில் நம் ஆட்கள் முழுகினார்கள். அடுத்த சிம்மஸ்தம் 2027-இல். ராம்குண்டத்துப் பக்கத்தில் கங்கா கோதாவரிக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. 12 வருஷத்துக்கு ஒரு முறை, கும்பமேளாக் காலத்தில் மட்டும் திறப்பார்கள். பூட்டியிருந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே.

இப்போது ராம்குண்டம். நீ படத்தில் பார்த்த காசிப் படித்துறையை மனசில் வைத்துக்கொண்டு போனால் "இவ்வளவுதானா?" என்பாய். ஆற்றுக்குள் கட்டின ஒரு தொட்டி போலத்தான் இருக்கும். நீளம் 90 அடி, அகலம் 40 அடி என்று வைத்துக்கொள். 1696-இல் கட்டியது. ராமர் தினமும் குளித்த இடம், தசரதனுக்குத் திதி கொடுத்த இடம் என்று ஐதீகம். அதனால்தான் அஸ்தி கரைக்க இத்தனை பேர் வருகிறார்கள். காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியும் இங்கே கரைந்தது.

தண்ணீரைப் பற்றி உன்னிடம் மூடி மறைக்கப் போவதில்லை. மேலே கங்காப்பூர் அணை இருக்கிறது. அது திறந்துவிட்டால்தான் இங்கே ஓட்டம். 2016 கோடையில் ராம்குண்டமே வறண்டு, அடியில் சிமெண்ட் தெரிந்தது. கும்பமேளாக் கூட்டத்துக்கு வசதி என்று படுகையில் சிமெண்ட் பூசி, அடியிலிருந்த ஊற்றுக்கண்களை அடைத்துவிட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் வழக்குவரை போனார்கள். ஆற்றைக் கும்பிடுகிற ஊரிலேயே ஆற்றின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நகரத்துச் சாக்கடையும் ஆங்காங்கே கலக்கிறது. ஆச்சி ஒரு கை அள்ளிக் குடிக்கப் போவாள், தடுத்துவிடு. "கங்கைத் தண்ணி கெடாது" என்பாள். வாதாடாதே, கையைப் பிடித்துக்கொள். தலையில் தெளித்துக்கொள்ளட்டும். மித்தி ஆற்றங்கரையில் வளர்ந்த நமக்கு, மித்தி என்றால் இனிப்பு என்று தெரிந்தும் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்த நமக்கு, பேரும் தண்ணீரும் வேறு வேறாகிப் போவது புதிதில்லையே.

முழுக்கு விஷயத்தில் நீ செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. ஆச்சியைத் தண்ணீருக்குள் இறக்கி மூன்று முழுக்குப் போட வைத்தே தீருவேன் என்று நிற்பாய். உனக்குப் பிடிவாதம் அவளிடமிருந்துதான் வந்தது. படி பாசி பிடித்து வழுக்கும். கடைசிப் படிக்கு முன் படியில் அவளை உட்கார வை. வீட்டிலிருந்து ஒரு செம்பு எடுத்துப் போ. மொண்டு மொண்டு தோளில் ஊற்று. தை மாத நாசிக் குளிரை மும்பைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஸ்வெட்டர், இரண்டு துண்டு, மாற்றுப் புடவை மேலேயே கைக்கு எட்டுகிறபடி இருக்கட்டும். உடை மாற்றத் தனிக் கட்டடம் பக்கத்திலேயே உண்டு.

படியில் கால் வைக்கும் முன்பே "பூஜை? திதி? காலசர்ப்பம்?" என்று ஒருவர் உன் கூடவே நடப்பார். உன் பெரிய மாமியின் அஸ்தியோடு போனபோது எங்களிடம் ஒருவர் ஒரு தொகை பேசினார். பிண்டம் பாதி உருட்டியபின், கையில் எள்ளோடு நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது, அதைப்போல மூன்று மடங்கு கேட்டார். அழுதுகொண்டிருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வைத்து அங்கே உட்காரும் எல்லோரையும் எடைபோடாதே. வழிவழியாக வந்த தீர்த்தப் புரோகிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கமும் இருக்கிறது. தாத்தாவுக்கு போன தையில் செய்துவைத்தவர் அப்படிப்பட்டவர். அவர் பேரும் உட்காரும் இடமும் தனியாக அனுப்புகிறேன். எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடித்துவிட்டு உட்கார். சாமான் யாருடையது, தட்சிணை எவ்வளவு, அதற்கு மேல் ஒன்றும் இல்லையே என்று மூன்று கேள்வி. உனக்கு மராத்தி நன்றாக வருமே, அங்கே போய் ஹிந்தி பேசாதே.

குளித்து முடித்ததும் தலைக்கு மேல் படிக்கட்டு தெரியும். அது கபாலேஸ்வர். மயிலாப்பூர்க் கபாலியின் பேர்தான். ஆச்சி ஏறவேண்டாம், நீ மட்டும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் ஒரு கேள்வி கேள்: "சிவன் கோயிலில் என்ன இல்லை?" அங்கே நந்தி கிடையாது. பிரம்மஹத்தி நீங்க இந்த ஆற்றில் குளிக்கச் சொல்லி ஈசனுக்கு வழி காட்டியதே நந்திதான். அதனால் குருவாகிவிட்ட நந்தியைத் தன் முன்னால் உட்கார வேண்டாம் என்றுவிட்டார் என்று கதை. நெல்லையப்பர் கோயில் மாக்காளையைப் பார்த்து வளர்ந்தவள் ஆச்சி. நந்தி இல்லாத சிவன் கோயில் என்றால் ஒரு நிமிஷம் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பாள்.

அங்கிருந்து காலாராம் கோயிலுக்குச் சந்து வழியாக ஐந்து நிமிஷ நடை. 2003 கும்பமேளாவின்போது இந்தப் பக்கத்துச் சந்தில்தான் நெரிசலில் 39 பேர் செத்தார்கள். சாதாரண நாளில் ஒன்றும் பயமில்லை. கூட்டம் தெரிந்தால் மட்டும் ஓரமாக ஒரு கடைப்படியில் ஆச்சியை உட்கார வைத்துவிட்டுக் காத்திரு.

காலாராம் என்றால் கறுப்பு ராமர். உள்ளே மூன்று மூர்த்தியும் கறுப்புக் கல். பேஷ்வா காலத்து சர்தார் ரங்கராவ் ஒடேக்கர், 12 வருஷம் உழைத்து, 1790-ஐ ஒட்டிக் கட்டி முடித்த கோயில். ராம்ஷேஜ் மலையிலிருந்து கல் வந்தது. மதில் உயரம், நாலு வாசல். டூர் கைடு இதோடு நிறுத்திக்கொண்டு "பதினைந்து நிமிஷத்துல எல்லாரும் பஸ்ஸுக்கு வந்திடுங்க" என்பார். நீ அந்த வாசலில் நில்.

1930 மார்ச் 2-ஆம் தேதி. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் பதினைந்தாயிரம் பேர் இந்தக் கோயிலை நோக்கி நடந்து வந்தார்கள். ஊர்வலத்தின் நீளமே ஒரு மைல் என்கிறார்கள். நாசிக்கின் தாதாசாகேப் கெய்க்வாட் கூடவே நின்றார். நாலு வாசலும் பூட்டப்பட்டன. மறுநாள் காலை முதல் தொகுதியாக 125 ஆண்களும் 25 பெண்களும் வாசல்களில் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 9, ராமநவமித் தேரோட்ட நாள். தேரை இருதரப்பும் சேர்ந்து இழுக்கலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். தேர் வந்ததும் வாக்குப் பறந்தது, கல் விழுந்தது. சத்தியாகிரகம் ஐந்து வருஷம் இழுத்தது. கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13-இல், இதே நாசிக் ஜில்லாவின் யேவலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று பாபாசாகேப் அறிவித்தார். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யரோடு நம் ஆட்கள் போனது அதற்கும் நாலு வருஷம் கழித்து, 1939 ஜூலை 8-இல்.

எனக்கு 14 வயது இருக்கும்போது தாத்தா என்னையும் ஆச்சியையும் அங்கே கூட்டிப்போனார். தோல் கம்பெனியில் இரண்டு நாள் லீவு. ஆச்சி நேரே உள்ளே போய்விட்டாள். தாத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். ஊரில் மேலத் தெருவுக்குள் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும், உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. பதினாறு வயதில் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுதான் தாராவிக்கு ரயில் ஏறினார். அன்றைக்கு வாசலில் நின்று அந்தத் துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். மதிலை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றார். நாலாவது வாசலில், "இங்கதாம்ல உக்காந்திருந்தாவ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி துளசியும் கல்கண்டும் கொண்டுவந்து கொடுத்தபோது கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"உள்ளே போகாத மனுஷனின் அஸ்தியை ஏன் மாமா அந்த ஆற்றில் கொண்டுபோய்க் கரைத்தீர்கள்?" உன் நாக்கு நுனியில் நிற்கிற கேள்வி இது. போன தையிலேயே கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாய். ஆச்சி ஆசைப்பட்டாள், அது ஒன்று. தாத்தாவிடம் கடைசி மாதத்தில் நானே கேட்டேன், அது இன்னொன்று. "ஆறு என்ன பண்ணுச்சு? கதவப் பூட்டினது மனுசன்" என்றார். பாபாசாகேப்பே 1934-இல் கெய்க்வாட்டுக்கு எழுதிய கடிதத்தில், மக்களைச் சிலை கும்பிட வைப்பதற்காக இதைத் தொடங்கவில்லை, தங்கள் நிலை என்ன என்று அவர்கள் உணர வேண்டும் என்றுதான் தொடங்கினேன் என்கிறார். தாத்தா அதைப் படித்திருக்க மாட்டார். நாலு வாசலையும் பார்த்தவர்.

நீ உள்ளே போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆச்சி போவாள், ராமரை அவள் விடமாட்டாள். ஆனால் தாத்தாவின் திதிக்குப் போகிறவள் அந்த மதிலை ஒரு சுற்றுச் சுற்றாமல் வந்தாய் என்று கேள்விப்பட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பக்கத்திலேயே ஐந்து ஆலமரம், சீதா குகை. குகைப் படி ஒரு ஆள் குனிந்து, ஒடுங்கி, கிட்டத்தட்ட தவழ்ந்து போகிற அளவு. வரிசை நீளம். ஆச்சியை அதற்குள் அனுப்பாதே. லட்சுமணன் மூக்கறுத்ததால் நாசிக் ஆயிற்று என்று வெளியே நின்றே கதையைச் சொல்லி முடித்துவிடு.

மறுபடி ஆற்றுக்கு இறங்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ராம்குண்டத்துக்குக் கீழே, ஆற்றுக்குள்ளேயே, ஆளை விட உயரமாகச் செந்தூரம் பூசின ஒரு அனுமார் நிற்பார். இரண்டு பக்கமும் முகம். துதோண்டியா மாருதி என்று பேர். நாசிக்காரர்களுக்கு இவர்தான் வெள்ள அளவுகோல். மழைக்காலத்தில் போன் போட்டால் எத்தனை கன அடி என்று கேட்க மாட்டார்கள், மாருதிக்கு முழங்கால் வரையா, இடுப்பு வரையா, கழுத்து வரையா என்று கேட்பார்கள். 2019 ஆகஸ்டில் தலைக்கு மேல் போயிற்று. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி மூடுகிறபோது ஊரில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்கு என்று. ஆச்சியை மாருதி பக்கத்தில் கூட்டிப்போய், உடம்பில் தண்ணீர் அடித்த இடங்களில் கைவைத்துப் பார்க்கச் சொல். இந்த இடத்தில் அவள் குறுக்குத்துறைக் கதையை ஆரம்பிப்பாள். அரை மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதே.

இன்னும் கொஞ்சம் கீழே நாரோசங்கர் கோயில், 1747-இல் கட்டியது. அங்கே ஒரு பெரிய மணி. போர்த்துகீசியர்களிடமிருந்து 1739-இல் மராட்டியர் வசாயைப் பிடித்தபோது வந்த மணி. 1721-இல் போர்ச்சுக்கலில் வார்த்தது. உன் ஆபீஸ் தோழி தினமும் வெஸ்டர்ன் லைனில் வருகிறாளே, அதே வசாய். மாதா கோயிலுக்கு வார்த்த மணி சிவன் கோயிலில் தொங்குகிறது. வெள்ளம் இந்த மணியைத் தொட்டால் ஊருக்கே ஆபத்து என்று கணக்கு. புதன்கிழமை போனாயானால் இந்தக் கரை முழுக்கச் சந்தை. வெந்தயக்கீரைக் கட்டும் திராட்சைக் கூடையும் கோயில் படி வரை பரந்து கிடக்கும். தை மாதத்தில் திராட்சை வர ஆரம்பித்துவிடும். கூட்டம் ஆச்சிக்குச் சிரமம்தான். ஆனால் ஒரு ஊர் தன் ஆற்றோடு எப்படிப் பிழைக்கிறது என்பதைப் புதன்கிழமையில்தான் பார்க்க முடியும்.

"எல்லாம் சரி மாமா, திரியம்பகம்? சோதிலிங்கத்தை விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" ஆமாம், இந்தத் தடவை. லிங்கம் இருக்கும் இடத்தில் ஒரு குழி. அதற்குள் கட்டைவிரல் அளவில் மூன்று. மணிக்கணக்கில் நின்று, ஒரு கணம் எட்டிப்பார்ப்பதற்குள் "சலா சலா" என்று நகர்த்திவிடுவார்கள். நானாசாகேப் பேஷ்வா 1755-இல் தொடங்கி 1786-இல் முடிந்த கருங்கல் கோயில். கல் வேலையைப் பார்க்கவே ஒரு காலைப் பொழுது வேண்டும். குசாவர்த்தக் குளம், பின்னால் பிரம்மகிரி. திங்கட்கிழமையும் ஆவணி மாதமும் இல்லாத ஒரு நாளில் நீயும் உன் தம்பியும் மலை ஏறுவதாக இருந்தால் நானும் வருகிறேன். முழங்கால் வலிக்காரியை இழுத்துக்கொண்டு ஒரே பகலில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஆச்சி புளிச்சோறு கட்டிவிடுவாள். நீ மட்டும் ஒரு மிசல் சாப்பிடு. காரம் தாங்காவிட்டால் தயிர் கேள். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்கு நாசிக் பேர்போனது. ஆச்சிக்கு ஒரு செம்புத் தவலை வேண்டுமாம், என்னிடம் நாலு வருஷமாகச் சொல்கிறாள். தட்டிப் பார்த்து வாங்குவாள், அவள் தட்டி முடிக்கும் வரை கடைக்காரரிடம் நீ பேச்சுக் கொடு. நாலரை மணிக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

இனி, படித்துறையில் திதி முடிந்ததும் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ கவனிக்காமல் எழுந்து போய்விடக் கூடாது என்றுதான் கடைசியில் வைத்தேன். புரோகிதர் சிவப்புத் துணி சுற்றின ஒரு நீள நோட்டை எடுப்பார். அவர்கள் அதை நாமாவளி என்கிறார்கள். யார் யாருக்குச் செய்தது, யார் வந்தார்கள், எந்த ஊர், எந்தத் தேதி என்று அப்பா, தாத்தா காலத்திலிருந்து எழுதிவருகிற கணக்கு. ஊர் வாரியாக, சாதி வாரியாக ஏடு பிரித்திருப்பார்கள். போன தையில் அவர் தாத்தாவின் பேரை எழுதிக்கொண்டு, "காவ்?" என்று கேட்டார். ஊர்ப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தத் தெரு, அந்தத் துண்டு எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றது. "தாராவி" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மூள் காவ்?" என்றார். பூர்வீகம் எது என்கிறார். "தாராவிதான்" என்றேன். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்கவில்லை. ஏட்டைப் புரட்டி, ஒன்றும் எழுதாத ஒரு பக்கத்தை எடுத்து, மேலே தாராவி, மும்பை என்று எழுதினார். கீழே தாத்தா பேர், அவர் அப்பா பேர், ஆச்சி பேர். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

உன்னிடமும் ஊர் கேட்பார். செம்பூர் என்று சொல்லிவிடாதே, புதுப் பக்கம் போட்டுவிடுவார். தாராவிப் பக்கத்தைக் கேள். தாத்தா பேருக்குக் கீழே தமிழில் என் கையெழுத்து இருக்கும், அதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறார். ஆச்சி தன் பேரை எழுதுவாள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவாள், நீ எழுதித் தருகிறேன் என்று அவசரப்படாதே. அவள் முடித்தபின் நீ எழுது. நல்ல பேனா ஒன்று எடுத்துப் போ, அவருடையது மை கசியும்.

அன்புடன்,
மாமா
தாராவி